ஃப்ரீமான்ட் ஆலை, 1982–2010: கயிற்றை இழுக்கும் உரிமை

1982 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த தன் கார் ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்த நிறுவனத்தின் அமெரிக்க ஆலைகளிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம் அது. 1984 டிசம்பரில் அதே கட்டடத்திலிருந்து மறுபடி கார் வெளிவரத் தொடங்கியது. புதிதாக எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆட்கள். சங்கமும் அதே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம்தான். ஆலையை நடத்தியது மட்டும் டொயோட்டா. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த ஆலையின் தரம், ஜப்பானில் டொயோட்டா நடத்திவந்த ஆலைக்குச் சமமாக வந்து நின்றது.

கைசென் என்று ஜப்பானியர் சொல்லும் தொடர் முன்னேற்றத்தைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கைசென் ஜப்பானில் வென்றதற்கு அவர்களுடைய ஒழுக்கம், பண்பாடு, கட்டுப்பாடு என்று எதையாவது காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஃப்ரீமான்டில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆட்கள் அமெரிக்கர்கள். அதிலும் நிர்வாகத்தோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டவர்கள். அப்படியானால் என்ன மாறியது? அதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறோம். நம் ஊர் ஆலைகளில் கைசென் பலகை இல்லாத இடம் இன்று குறைவு. மாதம் ஆளுக்கு இத்தனை யோசனைத் தாள் என்று கணக்கு வைத்து வாங்குகிறார்கள். அப்புறம் ஏன் பல இடங்களில் அது வெறும் தாளாகவே நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கும் ஃப்ரீமான்டில் பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

மூடப்பட்ட ஆலை

1960-களின் தொடக்கத்தில் திறந்த ஆலை அது. எழுபதுகளின் இறுதியில் எந்த ஒரு நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். கார்கள் நகர்ந்தபடியே பூட்டப்படும் லைனைத் தொடங்க ஆள் போதாமல் காலையில் நிர்வாகம் திண்டாடும். சங்கத்தின் ஒப்புதல்கூட இல்லாத திடீர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. வேலை நேரத்தில் குடி சகஜம். பிடிக்காத மேலாளரைப் பழிவாங்கக் கார்களில் வேண்டுமென்றே பழுது வைத்ததைப் பழைய தொழிலாளர்களே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிட்டால் போதும், வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் எங்கோ லொடலொடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம் வைத்து ஆட்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்த ஆலையின் அடிப்படை விதி என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். லைன் நிற்கக்கூடாது. எது நடந்தாலும் நிற்கக்கூடாது. முன்பக்கம் ஒரு மாடலும் பின்பக்கம் வேறொரு மாடலுமாக வந்த காரும் லைனில் போய்க்கொண்டே இருக்கும். இருக்கை மாறி வந்தாலும், ஸ்டீயரிங் இல்லாமல் வந்தாலும் அப்படியே போகும். கடைசியில் வெளியே இருக்கும் முற்றத்தில் அவற்றை நிறுத்தி, பழுதுபார்க்கும் ஆட்கள் பிரித்துச் சரிசெய்வார்கள். அதற்கே தனியாகப் பெரிய இடமும் கூடுதல் நேரச் சம்பளமும் வேண்டியிருந்தது. மேலாளருடைய தகுதி, அன்றைக்கு எத்தனை கார் என்ற எண்ணால் அளக்கப்பட்டது.

இப்படி ஒரு லைனில் நிற்கும் தொழிலாளிக்குத் தன் கண்முன் போகும் பழுது தெரியும். சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். லைனைத் தானே நிறுத்தினால் வேலை போய்விடும் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். பத்து வருடம் இப்படி நின்றவர் காரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடுவார்.

இரு நிறுவனங்களும் ஏன் சேர்ந்தன

1981-ல் அமெரிக்க அரசின் அழுத்தத்தால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே உச்சவரம்பு வைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்கள். அதற்கு மேல் விற்க வேண்டுமானால் அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும். ஹோண்டாவும் நிசானும் தனியாக ஆலை கட்ட இறங்கின. டொயோட்டா எச்சரிக்கையானது. அமெரிக்கத் தொழிலாளர்களோடும் அமெரிக்க உதிரிபாக நிறுவனங்களோடும் தன் முறை வேலைக்கு ஆகுமா என்று முதலில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பார்க்க விரும்பியது. ஜெனரல் மோட்டார்ஸுக்கோ சிறிய காரை லாபத்தில் தயாரிக்கத் தெரியவில்லை. டொயோட்டா எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. காலியாகக் கிடக்கும் ஆலை ஒன்றும் கையில் இருந்தது.

1983 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. பாதிக்குப் பாதி பங்கு. டொயோட்டா 10 கோடி டாலர் ரொக்கம் போட்டது, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்தது. சுருக்கமாக நம்மி என்று அழைக்கப்பட்ட அந்தக் கூட்டு நிறுவனத்துக்கு, டொயோட்டாவை நிறுவிய கீச்சிரோ டொயோடாவின் மகன் தட்சுரோ டொயோடா முதல் தலைவராக வந்தார். குடும்பத்து ஆளையே அனுப்பியதிலிருந்து இந்தச் சோதனையை அவர்கள் எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள் என்று புரியும்.

பழைய தொழிலாளர்களை எடுப்பதில் இரு பக்கமும் தயங்கியது. கடைசியில் சங்கத்தை ஏற்றுக்கொண்டு, பழைய ஆட்களுக்கு முன்னுரிமை கொடுத்து எடுத்தார்கள். சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கியிருந்த சங்கத் தலைவர்களும் உள்ளே வந்தார்கள்.

டொயோட்டா எங்கே கற்றது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டொயோட்டாவில் கைசென் ஏன் அந்த வடிவம் எடுத்தது என்பதற்கான விடை 1950-ல் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

போருக்குப் பிந்தைய பணவாட்டத்தில் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் கடன் கொடுக்க முன்வந்தபோது ஆட்குறைப்பை நிபந்தனையாக வைத்தன. ஆட்களைக் குறைக்க மாட்டோம் என்று முன்பு வாக்குக் கொடுத்திருந்த நிர்வாகம் அதை மீற வேண்டி வந்தது. ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் இரண்டு மாதம் நீடித்தது. சுமார் 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஜூன் மாதக் கடைசியில் கொரியப் போர் மூண்டு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்து நிறுவனம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. இனி இந்த நிலை வரக்கூடாது என்பது அதன்பிறகு டொயோட்டா நிர்வாகத்தின் எல்லாக் கணக்கிலும் இருந்தது. 1962-ல் நிர்வாகமும் சங்கமும் ஒருவரையொருவர் நம்பி நடப்போம் என்று எழுத்தில் கூட்டறிக்கை செய்துகொண்டன.

1950-ல் கீச்சிரோவின் உறவினர் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனார். அங்கே பார்த்தவற்றில் ஒன்று, தொழிலாளர்கள் யோசனை எழுதிக் கொடுக்கும் முறை. 1951-ல் டொயோட்டாவில் அதைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு தன் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக உருவாக்கிய பயிற்சித் திட்டமும் ஏறக்குறைய அதே நேரத்தில் டொயோட்டாவுக்கு வந்தது. வேலையைச் சொல்லிக் கொடுப்பது எப்படி, வேலைமுறையை மேம்படுத்துவது எப்படி, ஆட்களிடம் பழகுவது எப்படி என்று மூன்று பாடம். போர் முடிந்ததும் அமெரிக்கா அதைக் கைவிட்டுவிட்டது, ஜப்பான் விடவில்லை. அதே 1950-ல்தான் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். அவர் பெயரில் அடுத்த ஆண்டு தொடங்கிய பரிசை டொயோட்டா 1965-ல் வாங்கியது. (அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன், 1998-ல்.)

யோசனை முறை மெதுவாகத்தான் வளர்ந்தது. எண்பதுகளில் டொயோட்டாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் யோசனைகள் வந்தன. பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். நட்டு இருக்கும் தட்டை ஒரு கை நீட்டும் தூரத்துக்குள் கொண்டுவருவது, இடமும் வலமும் மாறாமல் இருக்க, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் ஒரு பின் வைப்பது. இவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்றும் கதை நல்ல உதாரணம். 1969-ல் ஆயிரம் டன் அழுத்த இயந்திரம் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. அச்சு மாற்றும்போது இயந்திரத்தை நிறுத்தித்தான் செய்ய வேண்டிய வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடியது எது என்று தொழில் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவும் ஆலை ஆட்களும் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. மறுபடி அதே வேலையில் இறங்கி, இன்னும் மூன்று மாதத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. அச்சை மாற்ற மூன்று நிமிடம்தான் ஆகும் என்றால் சிறிய தொகுதிகளாகச் செய்யலாம், கிடங்கு சுருங்கும், பழுது வந்தால் ஆயிரம் துண்டு கெடுவதற்கு முன் தெரிந்துவிடும். ஒரு சின்னத் திருத்தம் அடுத்ததற்கு இடம் கொடுப்பது இப்படித்தான்.

டொயோட்டா பொறியாளர் தயிச்சி ஓனோ இந்த உற்பத்தி முறையின் தலைமைச் சிற்பி. அவர் தொழிலாளியின் கையில் கொடுத்த அதிகாரம்தான் நம் கதைக்கு மிக முக்கியம்: பழுதைக் கண்டவர் லைனை நிறுத்தலாம். இதன் வேர் கீச்சிரோவின் தந்தை சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி. நூல் அறுந்தால் அந்தத் தறி தானாக நின்றுவிடும், பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. தறிக்கு இருந்த அந்தக் குணத்தை ஓனோ ஆட்கள் நிற்கும் லைனுக்குக் கொண்டுவந்தார்.

தகாவோகாவில் கற்றது

உற்பத்தி தொடங்கும் முன் ஃப்ரீமான்டின் குழுத் தலைவர்களை நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். டொயோட்டா நகரில் உள்ள தகாவோகா ஆலையில் இரண்டு மூன்று வாரம். அந்த ஆலை 1966 முதல் கரோலா தயாரித்துவந்தது. வகுப்பறையில் உட்கார வைக்காமல் லைனில் ஜப்பானியத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அங்கே அவர்களுக்கு அதிர்ச்சி தந்தது இயந்திரங்கள் அல்ல. திணறுகிற ஆளிடம் இன்னொருவர் வந்து ‘உதவட்டுமா’ என்று கேட்பதுதான். லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். ஏதாவது சரியில்லை என்றால் அதை இழுக்க வேண்டும். மேலே இருக்கும் பலகையில் அந்த இடத்தின் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். லைன் உடனே நிற்பதில்லை. கார் அந்த ஆளின் வேலை எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் மறுபடி கயிற்றை இழுத்துவிட்டு அப்படியே தொடரலாம். சரியாகவில்லை என்றால் எல்லைக்கோட்டில் லைன் நிற்கும். அதாவது எந்தப் பழுதும் அடுத்த ஆளிடம் போகாது. வந்த குழுத் தலைவர் யார் செய்தது என்று கேட்க மாட்டார். என்ன ஆனது, ஏன் ஆனது என்றுதான் கேட்பார். அவருடைய வேலையே அதுதான், ஏனென்றால் அவருக்கு லைனில் நிலையான இடம் கிடையாது.

ஃப்ரீமான்டில் மாறியவை

ஆலை மறுபடி திறந்தபோது, முன்பு ஏறத்தாழ 80 வகையாகப் பிரிந்திருந்த வேலைப் பெயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. உற்பத்தித் தொழிலாளர் எல்லாருக்கும் ஒரே வகை. ஐந்து முதல் ஏழு பேர் ஒரு குழு. குழுவுக்குள் வேலை மாற்றி மாற்றிச் செய்வார்கள். மேலாளர்களுக்கெனத் தனிச் சாப்பாட்டு அறையும் தனி வாகன நிறுத்தமும் இல்லாமல் போயின.

வேலை அளக்கும் கடிகாரம் கைமாறியது இன்னும் ஆழமான மாற்றம். பழைய ஆலையில் தொழில் பொறியாளர்கள் கடிகாரத்தோடு வந்து நின்று, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி என்று எழுதிக்கொண்டு போவார்கள். அளக்கும்போது தொழிலாளி மெதுவாகச் செய்வார், அவர் போனதும் தன் வழியில் வேகமாகச் செய்து மிச்ச நேரத்தில் ஓய்வெடுப்பார். இரு பக்கமும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தது. புது ஆலையில் குழுவினரே கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எது பாதுகாப்பானது, எது சீரானது, எது வேகமானது என்று பேசி, எல்லாரும் ஒப்புக்கொண்ட முறையைத் தாளில் எழுதி வேலையிடத்திலேயே மாட்டினார்கள். நாளைக்கு இதைவிட நல்ல வழி தெரிந்தால் அந்தத் தாளைத் திருத்தலாம். இப்படி எழுதப்பட்ட நிலையான முறை இல்லாமல் முன்னேற்றம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் எதிலிருந்து முன்னேறினோம் என்றே தெரியாது. கைசெனில் இந்த ஒரு பகுதியைத்தான் நாம் அதிகம் அலட்சியப்படுத்துகிறோம் என்பது என் கருத்து.

சங்க ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நிறுவனத்தின் பிழைப்பே ஆபத்தில் இருக்கும் அளவுக்கு நெருக்கடி வந்தால் ஒழிய ஆட்குறைப்பு கிடையாது. அப்போதும் முதலில் மேலாளர்களின் சம்பளம் குறைய வேண்டும், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொழிலாளி.

கயிற்றுக்கும் இந்தப் பிரிவுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். ஐந்து பேர் செய்த வேலையை நான்கு பேரே செய்யலாம் என்று ஒரு குழு கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், இரண்டாம் முறை அந்தக் குழுவிலிருந்து எந்த யோசனையும் வராது. வரவும் கூடாது. தன் நண்பனுடைய சோற்றில் மண் போட எந்த மனிதனும் யோசனை எழுதித் தர மாட்டான். ஐந்தாவது ஆள் அடுத்த முன்னேற்ற வேலைக்குப் போகிறார் என்பது எழுத்தில் இருந்தால் மட்டுமே கைசென் என்ற சொல்லுக்குத் தொழிலாளியின் கண்ணில் மதிப்பு வரும்.

வாக்கைச் சோதித்த ஆண்டு

எண்ணிக்கைகளைப் பார்த்துவிடலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1986, 87-ல் மூன்று ஆலைகளை ஒப்பிட்டார்கள். ஒப்பிடும்படி சரிசெய்த கணக்கில், ஒரு காரின் பாகங்களைப் பூட்டி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம் ஆனது. தகாவோகாவுக்கு 16. ஃப்ரீமான்டுக்கு 19. நூறு கார்களுக்குப் பூட்டும்போது வந்த குறைகள் ஃப்ரேமிங்ஹாமில் 130-ஐ ஒட்டி, தகாவோகாவிலும் ஃப்ரீமான்டிலும் 45. ஐந்தில் ஒருவர் வராமலிருந்த ஆலையில் வராதவர் விகிதம் மூன்று நான்கு சதவீதத்துக்கு இறங்கியது. கட்டடம் பழையது, இயந்திரங்களில் பிரமாதமாக எதுவும் இல்லை. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு ஆலைகளில் ரோபோக்களுக்குப் பெரும்பணம் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் உண்மையான சோதனை 1988-ல் வந்தது. ஃப்ரீமான்ட் தயாரித்த செவ்ரொலே நோவா சரியாக விற்கவில்லை. ஆலையின் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழேதான் வேலை இருந்தது. அமெரிக்க வழக்கப்படி இது ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நேரம். சங்கத்தில் சந்தேகம் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நம்மி யாரையும் அனுப்பவில்லை. லைனில் வேலை இல்லாதவர்களைப் பயிற்சிக்கும் கைசென் குழுக்களுக்கும் அனுப்பியது. அடுத்து டொயோட்டா கரோலாவையும் ஜியோ பிரிசத்தையும் அதே லைனில் கொண்டுவந்ததும் வேலை மறுபடி நிறைந்தது.

யோசனை தரும் திட்டத்தில் 1986-ல் 26 சதவீதத் தொழிலாளர்கள்தான் பங்கெடுத்தார்கள். 1991-ல் அது 92 சதவீதம். அந்த ஆண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன, ஐந்தில் நான்குக்கு மேல் நடைமுறைக்கு வந்தன. கயிறு 1984-லேயே இருந்தது. குழு, தாள், கடிகாரம் எல்லாம் 1986-ல் இருந்தன. ஆனாலும் நான்கில் மூன்று பேர் வாய் திறக்கவில்லை. 1988-க்கு அப்புறம் திறந்தார்கள். இந்த இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போட நிரூபணம் கேட்டால், தொழிலாளர் இடத்தில் நின்று பார்த்தாலே போதும் என்பேன். வாக்கைக் கொடுப்பதை அவர்கள் பலமுறை பார்த்திருந்தார்கள். இழப்பு வரும்போது அதைக் காப்பாற்றுவதை முதல்முறை பார்த்தார்கள்.

மறுபக்கம்

இதைச் சொர்க்கமாகக் காட்டினால் அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம். பழைய ஆலையில் அறுபது விநாடிக்குச் சுமார் 45 விநாடி வேலை இருந்தது. நம்மியில் 57. மூன்று விநாடி மூச்சு விட. சங்கத்துக்குள்ளேயே நிர்வாகத்தோடு ஒத்துப்போகும் அணியும், மக்கள் அணி என்ற எதிரணியும் உருவாகித் தேர்தலில் மோதிக்கொண்டன. இது நெருக்கடி கொடுத்து வேலை வாங்கும் முறை என்று தொழிலாளர் இயக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள்.

1993-ஆம் ஆண்டுக்கான புது மாடல் வந்தபோது அவர்கள் சொன்னதில் இருந்த உண்மை வெளியே வந்தது. அவசரமாக லைனை வேகப்படுத்தினார்கள், வேலைச் சுழற்சி சரியாக நடக்கவில்லை, கை, தோள், மணிக்கட்டு வலிகள் பெருகின. கலிபோர்னியா மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை ஆலையின் மீது நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகுதான் உடல் சுமையை மாடல் திட்டமிடும் நிலையிலேயே கணக்கிடும் பழக்கம் வந்தது. அதற்கடுத்து டகோமா பிக்அப் வண்டி வந்தபோது நிலைமை மேலாக இருந்தது. விநாடிகளைக் குறைப்பதற்கு ஒவ்வொரு குழுவிலும் கண்கள் இருந்தன. தோளுக்காகப் பேச வெளியிலிருந்து ஒரு துறை வர வேண்டியிருந்தது. கைசெனை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதை அளக்கிறோமோ அதுதான் முன்னேறும். வலியை அளக்காத இடத்தில் வலி வளரும்.

இருந்தாலும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. 1985-ல் 65 சதவீதத் தொழிலாளர்கள் வேலையில் திருப்தி என்றார்கள். 1991-ல் 90 சதவீதம்.

நகலெடுத்தவர்களுக்கு நேர்ந்தது

ஜெனரல் மோட்டார்ஸ் கற்றுக்கொள்ளத் தன் மேலாளர்கள் 16 பேரை ஆரம்பத்திலேயே ஃப்ரீமான்டுக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் உண்மையிலேயே கற்றார்கள். ஆனால் திரும்பிப் போய்ப் பரப்புவதற்கு ஒழுங்கான திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொருவராகச் சிதறிப் போனார்கள்.

தென் கலிபோர்னியாவில் அதே நிறுவனத்தின் வான் நைஸ் ஆலையில் குழு முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஃப்ரீமான்டில் ஆலை மூடி இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் மறுபடி வந்தார்கள். வான் நைஸில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மாறாவிட்டால் மூடுவோம் என்று சொல்லித்தான் புது முறையை அறிமுகப்படுத்தினார்கள். பணி மூப்பால் கிடைத்த உரிமைகள் போய்விடும் என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். மேலாளர்களும் மாறவில்லை. அவர்களுடைய ஊக்கத்தொகை அப்போதும் அன்றைய கார் எண்ணிக்கையில்தான் இருந்தது. கயிறு தொங்கியது, இழுத்தவரைத் திட்டினார்கள். 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

பதவியில் இருப்பவருக்கு லைன் நின்றால் நஷ்டம் என்று கணக்கு இருக்கும்வரை, தொழிலாளியிடம் லைனை நிறுத்து என்று சொல்வது பொறி வைப்பதற்குச் சமம். கருவியை நகலெடுக்க ஒரு நாள் போதும். சம்பளமும் பதவி உயர்வும் எதன் அடிப்படையில் என்பதை மாற்ற மேலிடம் வரை போக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸுக்கு இது கொஞ்சமாவது சரியாக அமைந்தது ஜெர்மனியில், அதன் துணை நிறுவனமாக இருந்த ஓபெல் 1992-ல் திறந்த ஐசெனாக் ஆலையில். புதிதாகக் கட்டியதால் பழைய கணக்குகள் அங்கே இல்லை. அமெரிக்க ஆலைகள் முழுவதற்கும் ஒரே உற்பத்தி முறை என்று வருவதற்குத் தொண்ணூறுகளின் கடைசி வரை ஆனது.

டொயோட்டாவின் முறை வந்தது

2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே மாதம் நம்மியிலிருந்து விலகியது. ஆகஸ்டில் டொயோட்டாவும் தொடர மாட்டோம் என்று அறிவித்தது. கூட்டாளி போனபின் ஆலையைத் தனியே நடத்துவது பொருளாதார ரீதியாகத் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஃப்ரீமான்ட் ஆட்கள் தரத்தில் தவறியதாக யாரும் சொல்லவில்லை. ஏறத்தாழ 80 லட்சம் வண்டிகளைத் தயாரித்திருந்த அந்த ஆலையில் 4,700 பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதங்களிலேயே டொயோட்டா தன் வரலாற்றின் மிகப் பெரிய திரும்பப்பெறும் நெருக்கடியில் சிக்கியிருந்தது. தரை விரிப்பும் ஆக்சிலரேட்டர் பெடலும் தொடர்பான புகார்களுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா சாட்சி சொன்னார். நிறுவனம் வளர்ந்த வேகம் மிக அதிகமாகிவிட்டது, முதலில் பாதுகாப்பு, பிறகு தரம், அதன் பிறகே எண்ணிக்கை என்ற வரிசை குழம்பிவிட்டது, ஆட்களையும் அமைப்பையும் வளர்க்க முடிந்த வேகத்தைத் தாண்டி வளர்ச்சியைத் துரத்தினோம் என்றார். அன்றைய எண்ணிக்கைக்காக லைனை நிறுத்தாத ஜெனரல் மோட்டார்ஸ் மேலாளருக்கும் இதற்கும் உள்ள தூரம், அளவில்தான்.

ஏப்ரல் 1 அன்று ஃப்ரீமான்டில் கடைசி கரோலா வெளிவந்தது. 1988-ல் காப்பாற்றப்பட்ட வாக்கு ஆலை இருக்கும்வரைக்கானது. ஆலையே போகும்போது என்ன என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் விடை இல்லை. 25 ஆண்டுகளுக்கு மேல் கயிற்றை நம்பி இழுத்த தொழிலாளர்களில் பலர் அன்று கோபமாக இருந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மே மாதம் டெஸ்லா அந்த ஆலையை 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.